விதை நம்முடையது, ஆராய்ச்சியிலும் நமக்குப் பங்கு வேண்டும்!



செவ்வாப்பேட்டையிலிருந்து சைக்கிளை மிதித்தால் கொஞ்ச நேரத்தில் திரூர் நெல் ஆராய்ச்சி நிலையம் வந்துவிடும். பால் கேனோடும் உர மூட்டையோடும் அந்த ரோட்டில் போய் வராதவர் நம்மில் யாருமில்லை. நாடு முழுக்கப் பேர் வாங்கிய பண்ணை அது. ஆனால் அந்தப் பண்ணைக்கும் நம் கழனிக்கும் என்ன சம்பந்தம் என்று நம் பிள்ளைகளைக் கேட்டால் முழிக்கிறார்கள். பிள்ளைகளை விடுங்கள், நாமே முழிக்கிறோம்.

இந்த இதழில் அதைத்தான் பேசப் போகிறோம். கடன், மின்சாரம், கொள்முதல் விலை என்று எத்தனையோ போராட்டம் நடத்தியிருக்கிறோம். இனியும் நடத்துவோம். ஆனால் வானமே மாறிக்கொண்டு வரும்போது, அதற்கு ஏற்ற விதையும் விவரமும் கேட்டு இதுவரை நாம் ஒரு கோஷம்கூடப் போட்டதில்லை. இனிமேல் போட்டாக வேண்டும். ஏன் என்று சொல்கிறோம்.

பட்டம் தவறிப் போச்சு

நம் பாட்டன் காலத்திலிருந்து நமக்கு மூணு போகக் கணக்கு. சித்திரையில் தொடங்கினால் சொர்ணவாரி, ஆடி ஆவணியில் சம்பா, மார்கழி தையில் நவரை. ஏரியில் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது, காத்து எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்த்தே பெரியவர்கள் நாத்து விடும் நாளைச் சொல்லிவிடுவார்கள். பெரும்பாலும் பிசகாது.

இப்போது அந்தக் கணக்கு என்ன ஆனது என்று பாருங்கள். 2015 நவம்பர், டிசம்பரில் பெய்த பேய் மழையில் நம் மாவட்டமும் சென்னையும் மிதந்தன. அடுத்த வருஷமே, 2016ல், வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் வழக்கத்தைவிட 62 சதவீதம் குறைந்து போனது. அதே வருஷம் டிசம்பர் 12ஆம் தேதி வர்தா புயல் வந்து நின்ற மரங்களைச் சாய்த்தது. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நாலும் வறண்டன, பட்டணத்துக்கு ரயிலில் தண்ணீர் கொண்டு வந்தார்கள். 2021 நவம்பரில் மறுபடி வெள்ளம். 2023 டிசம்பர் முதல் வாரத்தில் மிக்ஜாம் புயல். ஒன்பது வருஷத்துக்குள் வெள்ளமும் வறட்சியும் புயலும் மாறி மாறி அடித்திருக்கின்றன.

"மழை எப்பவும் பெய்யும், காயும். இதுல என்ன புதுசு?" என்று கேட்பவர்கள் உண்டு. மழை பெய்வதும் காய்வதும் புதுசு இல்லைதான். ஒரு மாத மழை மூணு நாளில் கொட்டுவதும், கொட்டி முடித்ததும் நாற்பது நாள் காய்வதும்தான் புதுசு. ஏரி நிரம்பும், கலங்கல் ஓடும், ஆனால் நமக்குத் தண்ணீர் தேவைப்படும் நேரத்தில் மதகில் சொட்டு வராது.

மழை மட்டுமா? வெயிலும் அப்படித்தான். நெல் பூக்கிற காலை நேரத்தில் வெப்பம் 35 டிகிரிக்கு மேல் போனால் மகரந்தம் கெட்டு, கதிர் பதராகிறது. சொர்ணவாரிக்காரர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை, தூற்றும்போதே தெரிந்துவிடும். ராத்திரி வெப்பமும் கெடுதல் செய்கிறது. பிலிப்பைன்ஸ் நாட்டில் இருக்கும் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம், தன் சொந்தப் பண்ணையில் பல வருஷம் எடுத்த கணக்கை 2004ல் வெளியிட்டது. மழையில்லாத போகத்தில் இரவு வெப்பம் ஒரு டிகிரி கூடினால் நெல் விளைச்சல் பத்து சதவீதம் குறைகிறது என்று அதில் கண்டார்கள். பகலில் சேர்த்ததை ராத்திரிப் புழுக்கத்தில் பயிரே செலவழித்துவிடுகிறது. "உரம் அதே உரம், தண்ணி அதே தண்ணி, மூட்டை மட்டும் ஏன் குறையுது?" என்று நாம் கேட்கும் கேள்விக்கு ஒரு பாதி விடை இங்கே இருக்கலாம்.

இதில் நம் ஊருக்கென்று ஒரு தனி ஆபத்தும் இருக்கிறது. ஒரு பக்கம் ஆவடி, திருநின்றவூர், வேப்பம்பட்டு வரை வீட்டு மனை. இன்னொரு பக்கம் காக்களூர் தொழிற்பேட்டை. வடக்கே கும்மிடிப்பூண்டி சிப்காட், தெற்கே ஸ்ரீபெரும்புதூர். நடுவில் நாம். ஒரு போகம் போனால் நகையை அடகு வைக்கிறோம். ரெண்டாவது போகமும் போனால் கைமாத்து வாங்குகிறோம். மூணாவது போகத்துக்கு நாத்து விடுவதற்குள் மனை புரோக்கர் வாசலில் வந்து நிற்கிறார். நம் பக்கத்தில் பல கழனிகளில் கல் நட்டது இப்படித்தான். மழை வந்து பயிரை மட்டும் அடித்துக்கொண்டு போகவில்லை, பின்னாலேயே நிலத்தையும் கொண்டுபோகிறது. அதனால்தான் வானத்துக்கு ஏற்ற விதை என்ற கோரிக்கையை நிலத்தைக் காப்பாற்றும் கோரிக்கை என்கிறோம்.

நம் ஊர் நெல் உலகம் சுற்றிய கதை

திரூர் பண்ணை 1942ல் தொடங்கியது. திரூர்க்குப்பம் என்ற பேரைச் சுருக்கித்தான் அங்கே உருவான ரகங்களுக்கு டி.கே.எம். என்று வைத்தார்கள். கேரளாவுக்குப் போகிற குண்டு சிவப்பு நெல் டி.கே.எம். 9 நமக்குத் தெரியும். அது 1978ல் வந்தது. ஆனால் அதற்கும் முன்னால், 1952ல் வந்த டி.கே.எம். 6 செய்த காரியம் நம்மில் பலருக்குத் தெரியாது.

கோனாமணி என்ற நாட்டு நெல்லில் தானாகத் தோன்றிய ஒரு மாற்றத்தைத் தேர்ந்தெடுத்து, 1921ல் ஜி.இ.பி. 24 என்று வெளியிட்டார்கள். நம் ஊரில் அதைக் கிச்சிலி சம்பா என்பார்கள். அதையும் கோ 18 ரகத்தையும் சேர்த்துப் பிறந்ததுதான் டி.கே.எம். 6. குருத்துப்பூச்சியை ஓரளவு தாங்கி நிற்கும் குணம் அதற்கு இருந்தது.

1960ல் தொடங்கிய சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் குட்டை நெல் ரகங்களை உருவாக்கிக்கொண்டிருந்தார்கள். விளைச்சல் நிறைய வந்தது, ஆனால் பூச்சி தின்றது. அப்போது தாங்கும் குணம் தேடிய இடங்களில் ஒன்று நம் திரூர் நெல். டி.கே.எம். 6ஐச் சேர்த்து உருவாக்கிய ஐ.ஆர். 20 1969ல் வந்தது. நம் அப்பாமார் காலத்தில் தமிழ்நாடு முழுக்க அந்த அரிசியைத் தின்று வளர்ந்தோமே, அதன் ஒரு பாதி நம் ஊர் ரத்தம்! 1973ல் வந்த ஐ.ஆர். 26, 1976ல் வந்து ஆசியா முழுக்கப் பரவிய ஐ.ஆர். 36 ஆகியவற்றின் வம்சத்திலும் டி.கே.எம். 6 இருக்கிறது.

ஆராய்ச்சியில் கூட்டுறவு என்பது இதுதான். ஒரு ஊர் விதை, இன்னொரு நாட்டுப் படிப்பு, ரெண்டும் சேர்ந்து கோடிக்கணக்கான பேர் சோறு தின்றார்கள். ஆக நாம் கேட்பது புதுசு ஒன்றுமில்லை. ஏற்கனவே நடந்ததை நம் காலத்து ஆபத்துக்கும் செய்யுங்கள், இந்தத் தடவை நம்மையும் சேர்த்துக்கொண்டு செய்யுங்கள் என்கிறோம்.

ஒடிசா நெல் நமக்கு அப்படியே உதவுமா?

இன்னொரு கதையும் தெரிந்துகொள்ள வேண்டும். ஒடிசாவில் வெள்ளத்தில் மூழ்கினாலும் சாகாத ஒரு நாட்டு நெல் விவசாயிகளிடம் இருந்தது. அதிலிருந்து தேர்ந்தெடுத்ததை எப்.ஆர். 13ஏ என்று பேர் வைத்துப் பாதுகாத்தார்கள். சாதாரண நெல் மூழ்கினால் மூச்சுக்குத் தவித்து, தண்ணீருக்கு மேலே வர நீண்டுகொண்டே போகும். கையிருப்பு எல்லாம் அதில் தீர்ந்து, தண்ணீர் வடியும்போது அழுகி விழும். இந்த நெல் அப்படி நீளாமல் அடங்கி இருந்து, தண்ணீர் வடிந்ததும் துளிர்க்கும். அதற்குக் காரணமான மரபணுவை 2006ல் கண்டுபிடித்தார்கள். சப்-1 என்று பேர். அதை ஸ்வர்ணா ரகத்தில் சேர்த்து 2009ல் நம் நாட்டில் வெளியிட்டார்கள். ரெண்டு வாரம் வரை மூழ்கிக் கிடந்தாலும் பிழைக்கிறது. தமிழ்நாட்டில் சி.ஆர். 1009 என்ற நீண்ட நாள் ரகத்திலும் அந்தக் குணத்தைச் சேர்த்திருக்கிறார்கள்.

"அப்ப அதையே வாங்கி நட்டுட்டா போச்சு" என்று தோன்றும். அங்கேதான் நிதானிக்க வேண்டும். சப்-1 குணம், நட்டுத் தூர் கட்டும் பருவத்தில் வரும் வெள்ளத்தைத்தான் நன்றாகத் தாங்கும். நமக்கு என்ன நடக்கிறது? சம்பா பொதி கட்டி, கதிர் வந்து, பால் பிடிக்கும் நேரத்தில் டிசம்பர் புயல் வந்து சாய்க்கிறது. சாய்ந்த கதிர் தண்ணீரில் கிடந்து முளைக்கிறது. அதற்கு சப்-1 மட்டும் மருந்தாகாது. ஐந்து மாதம் தாண்டி நிற்கும் ரகத்துக்கு நம் ஏரித் தண்ணீர் கடைசி வரை வருமா என்பதும் கேள்வி. நமக்குத் தேவை வேறாக இருக்கலாம்: தண்டு உறுதியான, சாயாத ரகம், அல்லது புயல் மாதத்துக்கு முன்னால் அறுக்கிற ரகம், அல்லது நாத்து விடும் நாளையே மாற்றுவது.

எது சரி? அதை மணிலாவிலும் கட்டாக்கிலும் உட்கார்ந்து சொல்ல முடியாது. கோயமுத்தூரிலிருந்துகூட முழுசாகச் சொல்ல முடியாது. ஏரிக்குக் கீழே தாழ்ந்த கழனி ஒரு மாதிரி, போர் தண்ணீரை நம்பும் மேட்டுக் கழனி ஒரு மாதிரி, கடைமடை ஒரு மாதிரி. மீஞ்சூர், பொன்னேரிப் பக்கம் கடல் தண்ணீர் நிலத்தடியில் ஏறி உப்பாகிப் போன கழனி முற்றிலும் வேறு மாதிரி. ஒவ்வொன்றிலும் நட்டுப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள முடியும். ஆராய்ச்சி நம் கழனிக்கு வர வேண்டும் என்பதற்கு இதைவிடக் காரணம் வேண்டுமா?

திரூரில் வேலை நடக்கவே இல்லை என்று நாம் சொல்லவில்லை. 2015ல் அங்கிருந்து வந்த டி.கே.எம். 13, பி.பி.டி. போல சன்ன அரிசி, சுமார் 130 நாள். நல்ல ரகம் என்று நட்டவர்கள் சொல்கிறார்கள். அங்கே வேளாண் அறிவியல் நிலையமும் இருக்கிறது, பயிற்சி கொடுக்கிறார்கள். குறை அங்கே வேலை பார்ப்பவர்கள் மேல் இல்லை. நல்ல ரகம் வந்தாலும் அது நம் கழனி வரைக்கும் வருவதற்கு ஆளும் பணமும் ஏற்பாடும் போதாமல் இருக்கிறது. அந்தக் குறைக்குக் காரணம் அரசின் கொள்கை.

திராட்சைக்காரர்களைப் பாருங்கள்

விவசாயிகள் ஆராய்ச்சியில் பங்கு கேட்க முடியுமா, அது நடக்கிற காரியமா என்று சந்தேகப்படுபவர்கள் மகாராஷ்டிராவைப் பார்க்கலாம். அங்கே நாசிக், சாங்கலி, சோலாப்பூர், புனே பகுதிகளில் திராட்சை போடுகிற விவசாயிகள் 1960லேயே தங்களுக்கென்று மாநில அளவில் சங்கம் அமைத்தார்கள். விலைக்கு மட்டும் கூடிக் கலையவில்லை. பத்திரிகை நடத்தினார்கள், வருஷா வருஷம் கூடி விஞ்ஞானிகளையும் விவசாயிகளையும் ஒரே பந்தலில் உட்கார வைத்தார்கள், தங்கள் செலவிலேயே பரிசோதனைக் கூடம் வைத்தார்கள். மத்திய அரசின் தேசிய திராட்சை ஆராய்ச்சி மையம் 1997ல் புனே அருகே மாஞ்சரியில் தொடங்கியது. சங்கமும் மையமும் அக்கம் பக்கமாக வேலை செய்கின்றன.

பலன் என்ன? அங்கே கிணறு வற்றி, தண்ணீர் உப்பானபோது, பழைய முறையில் குச்சி நட்டு வளர்த்த கொடிகள் பட்டுப்போயின. அமெரிக்காவின் டெக்சாஸ் பக்கத்துக் காட்டுத் திராட்சையிலிருந்து எடுத்த டாக்ரிட்ஜ் என்ற வேர்ச்செடி, வறட்சியையும் உப்பையும் தாங்கும். அதை அடியில் வைத்து, மேலே தங்கள் திராட்சையை ஒட்டுக்கட்டினார்கள். ஆராய்ச்சிக்காரர்கள் வழி சொன்னார்கள், விவசாயிகள் தங்கள் தோட்டத்தில் செய்து பார்த்து ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். இன்று அங்கே ஒட்டு இல்லாமல் புதுத் தோட்டம் போடுகிறவர்கள் குறைவு.

இதனால் அவர்கள் கஷ்டமெல்லாம் தீர்ந்ததா? இல்லை. 2019 அக்டோபர், நவம்பரில் பருவம் தப்பிப் பெய்த மழையில் நாசிக் திராட்சை அழுகியது. ஆராய்ச்சியால் மழையை நிறுத்த முடியாது. ஆனால் அடி விழுந்த பிறகு என்ன கேட்பது, யாரிடம் கேட்பது என்று அவர்களுக்குத் தெரிகிறது. கொடிக்கு மேலே பிளாஸ்டிக் கூரை போட்டுப் பார்க்கிறார்கள், அதற்கு மானியம் கேட்கிறார்கள்.

நம் மாநிலத்திலேயே கம்பம் பள்ளத்தாக்கில் பன்னீர் திராட்சை இருக்கிறது. சின்னச் சின்ன தோட்டக்காரர்கள்தான் அதிகம். மழை நேரம் தவறினால் செவட்டை நோய் வந்து கொடியைக் கெடுக்கும். அங்கே ஆனைமலையன்பட்டியில் வேளாண் பல்கலைக்கழகம் திராட்சைக்கென்று ஆராய்ச்சி நிலையம் வைத்திருக்கிறது. 2023ல் கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பழத்துக்குச் செய்ய முடிந்ததைச் சோத்துக்குச் செய்ய முடியாதா?

கூட்டு என்றால் யாரோடு, என்ன நிபந்தனையோடு?

இங்கே ஒரு எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். ஆராய்ச்சி, கூட்டுறவு, பருவநிலை என்று இனிக்க இனிக்கப் பேசிக்கொண்டு கம்பெனிகளும் வருகின்றன. விதை தருவோம், விளைந்ததை நாங்களே எடுத்துக்கொள்வோம் என்பார்கள். பேப்பரில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்காமல் கையெழுத்துப் போட்டால் என்ன ஆகும்?

2019ல் குஜராத்தில் நடந்ததை மறக்கக் கூடாது. சிப்ஸ் போடும் உருளைக்கிழங்கு ரகம் ஒன்றை அனுமதியில்லாமல் பயிர் செய்தார்கள் என்று பெப்சிகோ கம்பெனி சிறு விவசாயிகள் மேல் வழக்குப் போட்டது. ஆளுக்கு ஒரு கோடி ரூபாய்க்கு மேல் நஷ்ட ஈடு கேட்டது. நாடு முழுக்க விவசாயச் சங்கங்கள் எதிர்த்துக் குரல் கொடுத்த பிறகு, அதே வருஷம் மே மாதம் வழக்கை வாபஸ் வாங்கியது. அந்த விவசாயிகளுக்குத் துணை நின்ற சட்டம் நமக்கும் இருக்கிறது. பயிர் ரகங்கள் பாதுகாப்பு மற்றும் விவசாயிகள் உரிமைச் சட்டம், 2001. பண்ணையில் விளைந்த விதையை எடுத்து வைக்கவும், மறுபடி விதைக்கவும், மாற்றிக்கொள்ளவும், பங்கிடவும், விற்கவும் விவசாயிக்கு உரிமை உண்டு என்று அதன் 39ஆம் பிரிவு சொல்கிறது. கம்பெனி முத்திரை ஒட்டிப் பையில் போட்டு விற்கக் கூடாது, அவ்வளவுதான்.

ஆகையால் நம் நிலை தெளிவானது. ஆராய்ச்சி வேண்டும், அது அரசு ஆராய்ச்சியாக இருக்க வேண்டும். வெளிநாட்டு நிலையங்களோடு விதையும் அறிவும் பரிமாறிக்கொள்ளட்டும், டி.கே.எம். 6 காலத்தில் செய்தது போல. ஆனால் நம் கழனியிலிருந்து போகிற விதை நம் பேரோடு போக வேண்டும், அதிலிருந்து வருகிற புது விதை நமக்குத் தடையில்லாமல் திரும்பி வர வேண்டும். காட்டுயானம், குழியடிச்சான், பூங்கார் போன்ற நாட்டு நெல்லைத் தேடித் தேடிச் சேர்த்து விவசாயிகளிடம் பரப்பிய நெல் ஜெயராமன் 2018 டிசம்பரில் மறைந்தார். அவர் காப்பாற்றிய விதை நாளைக்கு யாரோ ஒருவருடைய தனிச் சொத்தாகிவிடக் கூடாது.

நம் பக்கத்துத் தப்பு

அடுத்தவர்களைக் கேள்வி கேட்கும் நாம் நம்மையும் கேட்டுக்கொள்வோம். சம்பா என்றால் பி.பி.டி. ஒன்றையே எல்லோரும் நடுகிறோம். குலைநோய் வந்தால் ஒரே வாரத்தில் ஏரிக்குக் கீழே மொத்தமும் போகிறது. "வியாபாரி அதைத்தானே நல்ல விலைக்கு எடுக்கறான்?" என்று கேட்கிறோம். நியாயம்தான். ஆனால் பத்துக் காணி வைத்திருப்பவர் ஒரு காணியில்கூட வேறு ரகம் போட்டுப் பார்ப்பதில்லை. எந்தத் தேதியில் நாத்து விட்டோம், எப்போது பூத்தது, எத்தனை மூட்டை வந்தது என்று ஒரு நோட்டில் எழுதி வைப்பதில்லை. அதிகாரி வந்து கேட்டால், "ஏதோ வந்துச்சு சார்" என்று சொல்லி அனுப்புகிறோம். கணக்கு இல்லாதவன் பேச்சு சபையில் ஏறாது.

இன்னொன்று. நாத்து பிடுங்குவதும் நடுவதும் களை எடுப்பதும் பெண்கள். எந்த நாத்து வேரோடு வருகிறது, எது அறுந்து போகிறது, எந்தக் கழனியில் புகையான் முதலில் விழுகிறது என்று அவர்களுக்குத்தான் முதலில் தெரியும். விதைப் பயிற்சிக்கு அவர்களை அனுப்புகிறோமா? குத்தகைக்குப் பயிர் செய்பவரை அழைக்கிறோமா? பட்டா இருப்பவர் மட்டும் போய் டீ குடித்துவிட்டு வந்தால் அது கூட்டுறவு ஆகாது.

நம் கோரிக்கைகள்

1. ஆராய்ச்சி நிலையம், வேளாண் அறிவியல் நிலையம், வேளாண்துறை, விவசாயிகள் சேர்ந்த கூட்டுக் குழு அமைக்க வேண்டும். குழுவில் பாதிப் பேர் சிறு, குறு, குத்தகை விவசாயிகளாகவும் பெண்களாகவும் இருக்க வேண்டும். ஒவ்வொரு பட்டத்துக்கும் முன்னால் கூட வேண்டும். முடிவுகளைக் கிராம சபையில் படிக்க வேண்டும்.

2. புது ரகங்களைத் தாழ்ந்த கழனி, மேட்டுக் கழனி, கடைமடை, உப்புக் கழனி என்று பிரித்து விவசாயிகளின் நிலத்திலேயே சோதனை செய்ய வேண்டும். சோதனை தோற்றால் நஷ்டத்தை அரசு ஏற்க வேண்டும். ஏழையின் போகத்தைப் பணயம் வைத்து ஆராய்ச்சி நடக்கக் கூடாது.

3. நாத்து விடும் நாளுக்கு முன்னால் விதை டெப்போவுக்கு வந்துவிட வேண்டும். பட்டம் முடிந்து வரும் விதை கோழிக்குத்தான் ஆகும். விதை கிராமத் திட்டத்தில் நம் கிளைகளையே விதை உற்பத்திக்குச் சேர்க்க வேண்டும். வெள்ளத்தில் நட்ட பயிர் போனால் உடனே நட, ஒவ்வொரு பிர்க்காவிலும் குறுகிய நாள் ரகத்தில் சமுதாய நாற்றங்கால் அரசு செலவில் வைக்க வேண்டும்.

4. 2018 முதல் நாட்டில் 199 மாவட்டங்களில் தொடங்கிய வேளாண் வானிலை மையங்களை 2024ல் மூடச் சொன்னது மத்திய அரசு. வானம் கெட்டுக்கொண்டு வரும்போது வானம் பார்த்துச் சொல்பவரை வீட்டுக்கு அனுப்புவது என்ன நியாயம்? நம் மாவட்டத்துக்கு நிரந்தர மையம் வேண்டும். பிர்க்காவுக்கு ஒரு மழைமானி வேண்டும். தகவல் தமிழில், போனில் குரலாக, எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் புரியும்படி வர வேண்டும்.

5. அரசு பரிந்துரைக்கும் ரகம் எதுவானாலும் நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் தட்டிக் கழிக்காமல் எடுக்க வேண்டும். மழைக் காலத்தில் 17 சதவீத ஈரப்பத விதியைத் தானாகவே தளர்த்த வேண்டும். ஒவ்வொரு தடவையும் டெல்லி உத்தரவுக்குக் காத்திருந்தால் நெல் களத்திலேயே முளைத்துவிடும்.

6. எவ்வளவு நல்ல விதையும் வடிகால் இல்லாத கழனியில் நிற்காது. ஏரி வரத்துக் கால்வாய், கலங்கல், வடிகால் ஆக்கிரமிப்புகளை அளந்து அகற்ற வேண்டும். மனை போடுவதற்காக மூடிய கால்வாய்களை முதலில் எடுக்க வேண்டும்.

சங்கம் தன் பங்குக்கு என்ன செய்யும்?

கேட்பதோடு நிற்க மாட்டோம். அடுத்த சம்பாவுக்கு ஒவ்வொரு கிளையும் ஒரு காணியைத் தேர்ந்தெடுக்கும். அதில் பாதியில் வழக்கமான ரகம், பாதியில் கூட்டுக் குழு சொல்லும் ரகம். பக்கத்தில் பக்கத்தில் நட்டால்தான் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். கிளைக்கு ஒரு நோட்டு. விதைத்த நாள், நட்ட நாள், மழை பெய்த நாள், தண்ணீர் நின்ற நாள், பூத்த நாள், செலவு, மூட்டை, எல்லாம் எழுத வேண்டும். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் எழுதட்டும், நமக்கும் வீட்டில் ஒரு குமாஸ்தா கிடைத்த மாதிரி. அறுப்பு முடிந்ததும் எல்லா நோட்டையும் ஒரே இடத்தில் வைத்துப் பேசுவோம்.

அந்த நோட்டுகளை எடுத்துக்கொண்டு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் மாதா மாதம் நடக்கும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்துக்குப் போவோம். இந்தத் தடவை ஒருவர் ரெண்டு பேர் மனு கொடுத்துவிட்டுத் திரும்பும் வேலை இல்லை. செவ்வாப்பேட்டை ரோடு ஸ்டேஷனில் கூடி, ஒரே ரயிலில் ஏறி, திருவள்ளூரில் இறங்கி, கொடியோடு ஊர்வலமாகப் போவோம். கையில் நெல் கதிர் ஒன்று, பதர் கதிர் ஒன்று. எதற்கு வந்தீர்கள் என்று கேட்டால் ரெண்டையும் காட்டுவோம். கிளைச் செயலாளர்கள் வீடு வீடாக வந்து தேதி சொல்வார்கள். அன்றைக்கு ஒரு நாள் கூலி போகும்தான். ஆனால் போகாமல் இருந்தால் ஒரு போகமே போகும்.

நம் மண்ணில் பிறந்த ஒரு நெல் உலகத்தின் பாதிச் சட்டியில் வெந்தது. அந்த மண்ணை அளந்து கல் நட விடலாமா? நம் அப்பாமார் விதை கொடுத்தார்கள், யாரும் அவர்களை உட்கார வைத்துக் கேட்கவில்லை. நம் பிள்ளைகள் காலத்திலாவது விவசாயி அந்த மேசையில் நாற்காலி போட்டு உட்காரட்டும்.

விதை உரிமை நம் உரிமை!
கழனிக்கு வரட்டும் ஆராய்ச்சி!
ஒன்று சேர்வோம், திருவள்ளூர் நோக்கித் திரள்வோம்!